நள்ளிரவு மணியும் அழைப்புக் கடிதமும்

1801-ஆம் ஆண்டு, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கிழக்கிந்தியக் கும்பினியின் ரெசிடென்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1799 ஒப்பந்தத்தில், ஆட்சி அதிகாரம் அவர் கையைவிட்டுப் போயிருந்தது. மிஞ்சியவை கோட்டையும் ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான். அந்த நிலையிலும் அவர் மன்றாடிக் கேட்டது சத்திரங்களுக்காக. என் முன்னோர் வைத்துவிட்டுப் போன அறம் குறையக் கூடாது என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, சோகிகள், சங்கமர்கள், பைராகிகள் போன்ற துறவிகள் உட்பட வருகிற வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மசாலாப் பொருள்களும். நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியமும். பிள்ளை பெற வந்தவளுக்குப் பராமரிப்பு, கைக்குழந்தைக்குப் பால். வழியில் தாய் தகப்பனை இழந்த குழந்தை சத்திரத்து வாத்தியார் பொறுப்பில் வளரும், படிக்கும். இவை எல்லாவற்றிலும் என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. பந்தி நள்ளிரவு வரை நடக்கும். அதன் பிறகு ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று குரல் கொடுக்கப்படும்.

வந்தவருக்குப் போடுவதோடு அவர்கள் கடமை முடியவில்லை. வராமல் போனவர் எவரோ, இருட்டில் எங்கே ஒதுங்கியிருக்கிறாரோ என்று நினைத்த ஒருவர் இருந்திருக்கிறார். அந்த நினைப்புதான் மணியாக ஒலித்தது.

இதை எழுதத் தூண்டியது இன்னொரு கடிதம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கூலிப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். நாலு தலைமுறையாகக் குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லாத குடும்பங்களுக்கு மனு எழுதித் தருவது, தாலுகா அலுவலகத்துக்குத் துணையாகப் போவது, வழக்கு என்றால் வக்கீலைப் பிடிப்பது இவர்கள் வேலை. பஸ் காசைக்கூடத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். நில உரிமை, பெண்ணுரிமை, சாதி ஒழிப்பு ஆகியவற்றுக்கே பணம் தருவதாகச் சொல்லும் தனியார் அறக்கட்டளை ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவர்களுக்காக நான் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. மரியாதையான நாலு வரி. நாங்கள் விண்ணப்பங்களைப் பெறுவதில்லை, எங்கள் நிதி எங்கள் அழைப்பின்பேரில் மட்டுமே வழங்கப்படுகிறது.

சங்கத்தை நடத்தும் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அறுபது வயதிருக்கும் அவருக்கு. கோபப்படவில்லை. "நாங்க இங்க இருக்கோம்னே தெரியாதவங்க எங்களை எப்படி தம்பி அழைப்பாங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இருநூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் அறத்துக்கான பணம் எந்த வாசல் வழியாக வந்தது, யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்று தேடிப் பார்க்க வைத்தது அந்தக் கேள்விதான்.

சத்திரம்: எழுதிவைத்த அறம்

ராமேசுவரம் போகும் பெருவழி தஞ்சைச் சீமையைக் கடந்து சென்றது. அந்த வழி நெடுகச் சத்திரங்கள். பலவற்றுக்கு அரசகுலத்துப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தம்மாள் சத்திரம். சரபோஜியின் அன்புக்குரியவராக இருந்த முத்தம்மாளின் நினைவாக 1802-ல் எழுந்தது அது. முக்தாம்பாள்புரம் என்று அந்த ஊருக்கே பெயர் வந்தது. சோறு, மருத்துவம், பள்ளி மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்து. இன்ன கிராமத்து விளைச்சல் இன்ன சத்திரத்துக்கு என்று எழுதிவைத்துவிடுவார்கள். அதற்கு மானியம் என்று பெயர். கோயில் என்றால் கட்டளை. இந்தக் கட்டளை என்ற சொல்லை நம் ஊரில் யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. உச்சிக்காலக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்று வாய் தானாகச் சொல்லிவிடும். எழுதிவைத்தவர் போய்விடுவார். அவர் இட்ட ஏற்பாடு, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் உத்தரவாக நிற்கும். அறக்கட்டளை என்ற இன்றைய சொல்லுக்குள்ளும் அந்த உத்தரவு இருக்கிறது. அறம் இட்ட கட்டளைக்குப் பணம் கட்டுப்பட வேண்டும் என்பது அதன் பொருள்.

சத்திரத்தைப் பொற்காலமாக்கிக் காட்ட எனக்கு மனமில்லை. எல்லோருக்கும் சோறு கிடைத்தது உண்மை. அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்த பண்ணையாளின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்கும் பழக்கம் அன்றைய தர்மத்துக்கு இல்லை. வழிப்போக்கனின் பசி கண்ணில் பட்டது. வயலில் நின்றவளின் பசி படவில்லை. சாதி அடுக்கும் சத்திரத்து வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படவில்லை. திறந்த வாசல் பெரிய விஷயம். ஆனால் அது பசியாற்றும், முறையை மாற்றாது.

1855-ல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு முடிந்தது, சத்திரச் சொத்துகள் வெள்ளைக்கார அரசின் நிர்வாகத்துக்குப் போயின. பிறகு ஜில்லா போர்டு வந்தது. கொடுத்தவர்கள் இல்லை, அவர்கள் எழுதிவைத்தது இருந்தது. அதை இனி யார் படிப்பது, எப்படிப் படிப்பது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

சாசனத்தைத் திறந்து படித்தவர்கள்

இறந்துபோனவரின் அறப்பணத்தை உயிரோடு இருப்பவர்கள் புதிதாகப் படிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பச்சையப்ப முதலியார் 1794-ல் திருவையாற்றில் காலமானார். அவர் உயில் எழுதிவைத்தது பெரும்பாலும் கோயில் திருப்பணிக்கும் தான தர்மங்களுக்கும். அரை நூற்றாண்டு இழுபறிக்குப் பிறகு, மிஞ்சிய பணத்தைக் கல்விக்குத் திருப்பியதால் 1842-ல் சென்னையில் பள்ளி பிறந்தது. அதுவே பின்னால் கல்லூரியானது.

தஞ்சையில் அந்த வேலையைச் செய்தவர் ஏ.டி. பன்னீர்செல்வம். பேரளத்துக்கு அருகில் செல்வபுரத்தில் 1888-ல் பிறந்தவர், பாரிஸ்டர், நீதிக்கட்சிக்காரர். 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவர். சத்திரங்களின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தபோது, சத்திரப் பணத்தில் திருவையாற்றில் ஒரு கல்லூரி நடந்துகொண்டிருந்தது. அங்கே சம்ஸ்கிருதம் மட்டுமே கற்பித்தார்கள். ஒரத்தநாட்டில் சத்திரப் பணத்தில் நடந்த மாணவர் விடுதியில் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே சோறு. பிராமணர் முதல் பறையர் வரை என்று 1801-ல் மன்னர் பெருமையோடு எழுதிய அதே அறத்தின் வாசல், நூறு ஆண்டுகளில் இவ்வளவு ஒடுங்கியிருந்தது.

பன்னீர்செல்வம் மூல ஆவணத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார், கல்விக்கு என்றுதான் அதில் இருக்கிறதே தவிர ஒரு மொழிக்கு மட்டும் என்று இல்லை என்று எடுத்துக்காட்டினார் என்பது தஞ்சை வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் போன்றவர்கள் துணை நின்றார்கள். கல்லூரியில் தமிழ் ஏறியது. பெயர் அரசர் கல்லூரி ஆனது. அங்கே படித்த தமிழ்ப் புலவர்கள் ஒரு தலைமுறைக்கே வாத்தியார்களானார்கள். ஒரத்தநாட்டு விடுதியில் மற்றச் சாதிப் பிள்ளைகளும் இலை போட்டு உட்கார்ந்தார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முற்போக்கான காரியத்துக்குப் பணம் போவது என்று இன்று சொல்கிறோமே, தஞ்சையில் அதன் முதல் நல்ல உதாரணங்களில் இது ஒன்று. புதிதாக ஒரு ரூபாய் வரவில்லை. பழைய பணத்தின் வாசல் அகலமாயிற்று. அது முடிந்ததற்கு இரண்டு காரணம்: எழுதிய ஏடு எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தது, அதை எடுத்துப் படித்தவரிடம் ஜனங்கள் கேள்வி கேட்க முடிந்தது. சத்திரங்களின் நிர்வாகம் இன்றும் தஞ்சை ஆட்சியர் பொறுப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம்.

கடல் கடந்து வந்த பணம்

அடுத்து வந்தது அமெரிக்கப் பணம். கார் கம்பெனிக் குடும்பம் 1936-ல் தொடங்கிய ஃபோர்டு அறக்கட்டளை, நேருவின் அரசு வரவேற்க, 1952-ல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் அலுவலகம் அதுதான். 1959-ல் அதன் வல்லுநர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை தந்தது. 1960-61-ல் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் தொடங்கியது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுப்பதால் அதைப் பாக்கேஜ் திட்டம் என்றே அழைத்தார்கள். முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. லூதியானா, அலிகார், மேற்கு கோதாவரி போன்றவை மற்றவை.

தஞ்சாவூர் விண்ணப்பம் போட்டு வாங்கிய திட்டம் அல்ல இது. தண்ணீர் இருக்கிறது, மண் இருக்கிறது, போட்ட பணம் நெல்லாகத் திரும்பும் என்று மேலிருந்து பார்த்துத் தேர்ந்தார்கள். அழைத்துக் கொடுக்கும் முறை இந்த மண்ணுக்கு வந்த முதல் பெரிய தருணம் என்று இதைச் சொல்லலாம். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 நெல் ரகம் குறுவைப் பருவத்தில் பரவியது. நெல் பெருகியது, நாடு சோறு தின்றது. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அந்தக் கட்டுக்குள் விதையும் உரமும் இருந்தன, கூலி இல்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி இல்லை. கடன் நிலம் உள்ளவனுக்கு. நிலமில்லாதவனுக்குப் பெருகிய விளைச்சலைக் கண்ணால் பார்க்கும் உரிமை. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஃபிரான்சின் ஃபிராங்கல் தஞ்சைக்கு வந்து ஆராய்ந்து, பசுமைப் புரட்சியின் லாபம் யாருக்கு, அதன் அரசியல் விலை என்ன என்று 1971-ல் எழுதினார். அதற்குள் அந்த விலை கொடுக்கப்பட்டுவிட்டது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த குடும்பங்களின் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

ஃபோர்டு அறக்கட்டளை தீ வைத்தது என்று நான் சொல்லவில்லை. மேலிருந்து பார்த்தவர்களுக்கு வயல் தெரிந்தது, வரப்பில் நின்றவர்கள் தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். அழைத்துக் கொடுக்கும் முறையில் இந்த ஆபத்து என்றும் உண்டு.

கேட்டுப் பெற்றவர்கள்

வெண்மணிக்குப் பிறகு காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். வினோபாவோடு, நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதானத்துக்காக நடந்த கால்கள். 1981-ல் லாஃப்டி என்று நாம் அழைக்கும், உழுபவருக்கு நிலம் கேட்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். வங்கிக் கடன், அரசின் உதவி, வெளியிலிருந்து நண்பர்களின் ஆதரவு எல்லாவற்றையும் சேர்த்து, நிலக்காரரிடம் பேசி விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பெண்ணின் பெயரிலேயே எழுதினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது.

2008-ல் இருவருக்கும் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. யாகோப் ஃபோன் உக்ஸ்குல் என்பவர் தன் அஞ்சல் தலைச் சேகரிப்பை விற்று 1980-ல் நிறுவிய விருது அது. யார் வேண்டுமானாலும், யாரை வேண்டுமானாலும் முன்மொழியலாம் என்பது அதன் விதி. தேர்ந்தெடுப்பது நடுவர் குழு; பெயர் சொல்வது உலகத்தில் எவரும். கதவு முழுக்கத் திறந்தும் இல்லை, முழுக்கச் சாத்தியும் இல்லை. இந்த நடுவழியை மனதில் வைத்துக்கொள்வோம்.

அந்த விருதுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்தது 2004 டிசம்பர் 26. சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 உயிர்களைக் கொண்டுபோனது. அழையாமலே உலகம் நாகப்பட்டினத்துக்கு வந்தது. யார் எந்த ஊருக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒருங்கிணைக்கத் தனி மையம் வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தொண்டு நிறுவனங்கள். கடலோரத்துக் குப்பங்களில் படகும் வீடும் எழுந்தன, எழ வேண்டியவைதான். உப்பு ஏறிய வயலில் வேலையிழந்த தலித் கூலிக் குடும்பங்களுக்கு அந்த வெளிச்சம் பிந்தியும் குறைந்தும்தான் வந்தது. படகு உடைந்தது தெரியும். வேலை உடைந்தது தெரியாது.

இன்று

இன்றைய அறக்கட்டளைப் பணம் எப்படிப் போகிறது? ஒரு நிறுவனம் நாலைந்து ஆண்டுகளுக்கு ஒரு கொள்கை வகுக்கும். காலநிலை நீதி, பெண்கள் தலைமை, சாதிப் பாகுபாடு என்று தலைப்புகள் வரும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு திட்ட அலுவலர். அவர் களத்தை நோட்டம் விடுவார். ஏற்கெனவே நிதி பெறுகிறவர்களிடம், ஆய்வாளர்களிடம், கருத்தரங்கில் சந்தித்தவர்களிடம் விசாரிப்பார். பிடித்த அமைப்பைத் தொடர்புகொண்டு, இரண்டு பக்கத்தில் உங்கள் யோசனையை எழுதி அனுப்புங்கள் என்பார். கணக்கு, பதிவு, நிர்வாகக் குழு எல்லாம் சரிபார்த்தபின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பணம் வரும். வெளியில் இருப்பவருக்கு இதில் எந்தப் படியும் தெரியாது.

அவர்கள் சொல்லும் காரணங்களை நான் நியாயமாகவே எடுத்துக்கொள்கிறேன். திறந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும், படிக்க ஆள் ஐந்து பேர். நூற்றில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால், மற்ற தொண்ணூற்றொன்பது ஏழை அமைப்புகள் மாதக்கணக்கில் எழுதிய எழுத்து வீண். நில உரிமைக்காகவும் சாதிக்கு எதிராகவும் செய்யும் வேலையில், யார் யாரிடம் பணம் கேட்டார்கள் என்பது வெளியே தெரிவதே சிலருக்கு ஆபத்து. வேலையைப் பார்த்துத் தேடிவந்து கொடுப்பது, மனுவோடு வாசலில் நிற்கவைப்பதைவிட மரியாதை. இவை எல்லாம் உண்மை.

இன்னோர் உண்மையும் இருக்கிறது. தெரிந்தவர்தான் தெரிந்தவரைச் சொல்வார். சென்னையில் அலுவலகம் உள்ள அமைப்பு, இங்கிலீஷில் பேசுகிற செயலாளர், கருத்தரங்குக்கு விமானத்தில் போய்வருகிற தலைவர் இவர்கள் கண்ணில் படுவார்கள். எங்கள் ஊர் பாஷையில் இவர்கள் தலைமடைக்காரர்கள், தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்துக்காரர்கள். கடைமடையில் பட்டாவுக்கு மனு எழுதும் அம்மா படமாட்டார்.

சட்டமும் அந்த வாய்க்காலை ஒடுக்கியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. அதற்கு முன் பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டுப் பணம் வாங்கி, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவுள்ள சிறிய கிராம அமைப்புகளுக்குப் பிரித்துத் தர முடிந்தது. கிளை வாய்க்கால் மாதிரி. இப்போது அப்படிக் கைமாற்றக் கூடாது. புதிதாகப் பதிவு வேண்டுமென்றால், மூன்று ஆண்டுகள் இயங்கியிருப்பதோடு அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். பஸ் காசைப் பிரித்துக்கொள்ளும் பெண்கள் 15 லட்சத்துக்கு எங்கே போவார்கள்?

உள்நாட்டுக் கம்பெனிப் பணம் இருக்கிறதே என்பீர்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள், மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அதே சட்டம். காவிரி டெல்டாவில் பெரிய ஆலைகள் குறைவு. 2020-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார்கள். நாம் போராடிக் கேட்டதுதான், நல்லதுதான். ஆலை குறைவான மண்ணுக்கு ஆலைகளின் அறமும் குறைவாகவே வருகிறது. வருகிற கொஞ்சமும் வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் போகும். கூலிச் சங்கத்துக்கும் நில வழக்குக்கும் கம்பெனிப் பணம் வருவது அபூர்வம்.

அன்று மானியம் என்றால் ஒரு கிராமத்து விளைச்சல். கொடுத்தவர் போனபின்னும் ஆண்டுதோறும் வந்தது. இன்று மானியம் என்றால் மூன்று ஆண்டுத் திட்டம். கொள்கை மாறினால் தலைப்பு மாறும், தலைப்பு மாறினால் பணம் நிற்கும். அன்று எழுதியது ஊர் அறிய எழுதிய சாசனம். பன்னீர்செல்வம் திறந்து படிக்க முடிந்தது. இன்றைய ஒப்பந்தம் இரண்டு பேருக்கு இடையில் இருக்கிறது. அன்றைய சத்திரம் எல்லாச் சாதிக்கும் சோறு போட்டது, சாதியை அசைக்கவில்லை. இன்றைய அறக்கட்டளை சாதியை அசைக்கவே பணம் தருகிறது, ஆனால் அசைக்கிறவர்களை எல்லாம் அதற்குத் தெரியாது. சத்திரத்துக்கு அகன்ற வாசலும் குறுகிய நோக்கமும் இருந்தன. இன்றைய அறக்கட்டளைக்கு நோக்கம் அகலம், வாசல்தான் குறுகல்.

மணியை யார் அடிப்பது?

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மெக்கன்சி ஸ்காட் என்ற பெருஞ்செல்வர், விண்ணப்பமே வாங்காமல், தானே தேடிப் பார்த்துப் பணம் கொடுத்துவந்தவர். 2023-ல் அவரும் ஒருமுறை கதவைத் திறந்தார். ஆண்டுக்கு 10 லட்சம் முதல் 50 லட்சம் டாலர் வரை செலவிடும் அமைப்புகள் கேட்கலாம் என்றார். 6,353 அமைப்புகள் கேட்டன. முதல் சுற்றில் விண்ணப்பித்தவர்களே ஒருவர் வேலையை ஒருவர் படித்து மதிப்பிட்டார்கள். 250 அமைப்புகளுக்கு என்று தொடங்கியது, 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலராக முடிந்தது. கதவைத் திறந்ததும், கொடுக்க நினைத்ததைவிட அதிகம் கொடுக்கத் தோன்றியிருக்கிறது. வெளியே நிற்பவர்களைப் பார்த்தால் கை தாராளமாகும் போலும்.

நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்கு அழைப்பிதழ் தேவைப்படவில்லை. எந்த விவசாயி வந்தாலும் இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் பெறலாம். அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வாங்கியவர் மறு வருஷம் கொடுப்பவராகிவிடுவார். அப்படி 174 ரகங்களை மீட்டுவிட்டு 2018 டிசம்பரில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. விதை மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

அறக்கட்டளைகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. அழைத்தே கொடுங்கள். ஆனால் பணத்தில் ஒரு பங்கைக் கடைமடைக்கு என்று ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கதவைத் திறந்து, தமிழில் கேளுங்கள். எழுதத் தெரியாதவர் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளுங்கள். நிதி பெறும் ஒவ்வோர் அமைப்பும், இதுவரை யாரிடமும் பணம் பெறாத ஒரு சிறு குழுவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். தேர்ந்தெடுக்கும் மேசையில் நாற்று நட்ட கை ஒன்றாவது இருக்கட்டும். ஆபத்தில்லாத இடத்தில், யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று ஊர் அறியச் சொல்லுங்கள்.

காவிரியில் தண்ணீர் குறைந்த வருஷம் டெல்டாக்காரன் என்ன செய்வான் என்று எல்லோருக்கும் தெரியும். முறை வைப்பான். இத்தனை நாள் இந்த வாய்க்கால், இத்தனை நாள் அந்த வாய்க்கால் என்று தலைமடை மதகை அடைத்துக் கடைமடைக்கு விடுவான். கடைமடைக்காரன் வந்து கெஞ்சினான் என்பதற்காக அல்ல. தண்ணீர் தானாக அவன் வயல் வரை போகாது என்று தெரிந்ததால். பணமும் தண்ணீர்தான். பள்ளத்தை நோக்கி ஓடும் என்பார்கள். ஓடாது, மதகு எங்கே திறக்கிறதோ அங்கே ஓடும்.

போன வாரம் அந்த அம்மா கூப்பிட்டிருந்தார். இரண்டு குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்துவிட்டதாம். மூன்று பேர் சேர்ந்து ஏழு தடவை தாலுகா அலுவலகம் போயிருக்கிறார்கள். கையில் இருந்தது தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. அடுத்த தெருவில் இன்னும் பதினோரு குடும்பம் இருக்கிறது என்றுதான் சொன்னார். யாரும் சொல்லாமலே, கையில் விளக்கு இல்லாமலே, இன்னும் சாப்பிடாதவர் யார் என்று அவர் கேட்டுக்கொண்டு போகிறார். மணி அவர் கையில் இருக்கிறது. சோறு வேறெங்கோ இருக்கிறது.